விதியும் விதிமுறையும்

மதுரை என்றவுடன் மனத்திலே எழும் காட்சிகள் பல. நான்மாடக் கூடல் என்பர் சிலர். சங்கம் வளர்த்த திருநகர் என்பர் வேறு சிலர். மல்லிகை மணக்கும் மாசி வீதிகளையும், சித்திரைத் திருவிழாவில் வைகை மணலில் கூடும் மக்கள் வெள்ளத்தையும் சொல்லிச் சொல்லி மகிழ்பவர் மிகப் பலர். மகிழட்டும், மறுப்பில்லை. ஆனால், அந்தப் பெருமைப் பட்டியலில் எவரும் சேர்க்காத, சேர்க்க விரும்பாத நிகழ்ச்சி ஒன்று அந்நகரின் வரலாற்றிலே உண்டு. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், மதுரையில், சரஸ்வதி பள்ளியின் கட்டடம் இடிந்து, உள்ளே இருந்த மாணவியர் மீது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்மக்கள் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் மாண்டனர்.

காலையில் தலைவாரிச் சடை பின்னி, நெற்றியைத் துடைத்து, புத்தகப் பையைத் தோளிலே மாட்டி, "பத்திரமாய்ப் போய் வா" என்று வழியனுப்பிய தாய்மார்கள், அன்று மருத்துவமனை வாசலில் நின்றனர். அனுப்பியது போர்க்களத்துக்கு அன்று, பள்ளிக்கூடத்துக்கு! கல்விக்கு அதிபதி என்று கூறப்படும் தெய்வத்தின் பெயரையே தாங்கிய பள்ளி அது. பெயர் தாங்கியது, சுவர் தாங்கவில்லை.

இப்படி ஒரு சாவு நேரும்போதெல்லாம் இந்த நாட்டில் ஒரு சொல் புறப்படும். 'விதி' என்பார்கள். ஆறுதல் கூற வந்தவர் அதையே சொல்வார்; குற்றம் புரிந்தவரும் அதையே சொல்வார்; கணக்குக் கேட்க வேண்டியவரும், களைத்துப் போய், அதையே சொல்லிவிட்டுக் கண்ணீரைத் துடைத்துக் கொள்வார். விந்தை என்னவென்றால், அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒரு விதி, தலையிலே எழுதப்பட்டதாம். எழுதியவனைப் பார்த்தவர் எவருமில்லை. இன்னொரு விதி, தாளிலே எழுதப்படுவது. எழுத வேண்டியவர் யார், எழுதினாரா, எழுதிய பின் அதன்படி நடந்தாரா என்று விசாரித்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது விதியை யாரும் விசாரிக்காமல் இருப்பதற்கு, முதலாவது விதியைப் போல் வசதியான திரை வேறு கிடையாது.

அந்த இரண்டாவது விதியின் வரலாற்றைத்தான், பள்ளிக்கு வரும் பிள்ளையின் உடலுக்கும் உயிருக்கும் பள்ளியே பொறுப்பு என்ற எண்ணம் எங்கே பிறந்து, எவ்வழியே நம் நாட்டுக்கு வந்து, எங்கெங்கே தடுக்கி விழுந்து நிற்கிறது என்பதைத்தான், இங்கே சொல்ல முற்படுகிறேன்.

எழுத்தும் எண்ணும் ஆசிரியர் பொறுப்பு. உடல் பெற்றோர் பொறுப்பு. உயிர் ஆண்டவன் பொறுப்பு. நெடுங்காலம் உலகெங்கும் இருந்த பாகப்பிரிவினை இதுதான். அதை முதலில் கலைத்தவர் அரசர்களல்லர், செவிலியர்கள். 1892இல் இலண்டன் மாநகரில், டுரூரி லேன் பகுதியின் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு, ஏமி ஹியூஸ் என்ற செவிலி தானாகவே செல்லத் தொடங்கினார். புண்ணைக் கழுவினார், கட்டுப் போட்டார், பிள்ளைகளுக்கு வேண்டிய சோற்றைப் பற்றியும் கேட்டார். ஆறு ஆண்டுக்குப் பின் அந்நகரில் பள்ளிச் செவிலியர் சங்கம் ஒன்றே தோன்றிற்று. அரசாங்கம் அப்போதும் அசையவில்லை.

அசைத்தது எது தெரியுமா? போர்! 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவிலே நடந்த போயர் போருக்குப் படைதிரட்டிய பிரிட்டிஷ் ஆட்சி, வரிசையில் வந்து நின்ற தன் சொந்த நாட்டு இளைஞர்களைக் கண்டு திடுக்கிட்டது. ஒட்டிய மார்பு, சொத்தைப் பல், வளைந்த கால், மங்கிய பார்வை. உலகாளப் புறப்பட்ட சாம்ராஜ்யத்துக்குத் துப்பாக்கி தூக்கத் தோள் இல்லை! 1904இல் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. 1906இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு தரச் சட்டம் வந்தது. 1907இல் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. குழந்தை மீது கொண்ட கனிவு என்று கூறிக் கொண்டனர். இருக்கலாம், கனிவும் சற்றுக் கலந்திருக்கலாம். எந்தக் காரணத்தால் வந்தாலும் சோறு சோறுதான், மருந்து மருந்துதான்.

அமெரிக்காவின் கதை வேறு விதம். நியூயார்க்கு நகரப் பள்ளிகளில் 1897 முதலே மருத்துவர்கள் பரிசோதித்து வந்தனர். சொறி கண்டால், கண்நோய் கண்டால், தலையில் பேன் கண்டால், "வெளியே போ" என்று சீட்டெழுதித் தந்தனர். பிள்ளை வெளியே போயிற்று. நோயும் அதனோடு வெளியே போயிற்று. தெருவிலே சுற்றி, தம்பிக்கும் தங்கைக்கும் தந்துவிட்டு, மறுபடி பள்ளிக்கே திரும்பியும் வந்தது. 1902 அக்டோபரில், லில்லியன் வால்டு என்ற அம்மையார், லினா ரோஜர்ஸ் என்ற செவிலியை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பி, ஒரு திங்கள் சோதித்துப் பார்க்கச் சொன்னார். ரோஜர்ஸ் பிள்ளைகளை விரட்டவில்லை, அங்கேயே மருந்திட்டார். மாலையில் அவர்கள் வீட்டுக்கே சென்று, தாயின் பக்கத்தில் அமர்ந்து, எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது என்று காட்டினார். ஓராண்டுக்குள், நோயால் பள்ளியை விட்டு விலக்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்கிற்று. மருத்துவரின் சீட்டு செய்யாததைச் செவிலியின் கை செய்தது. இந்த ஒரு வரியைத் தோழர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். பின்னர் மதுரைச் சீமைக்குத் திரும்பும்போது இது தேவைப்படும்.

கடலுக்கு அப்பால் தன் பிள்ளைகளுக்கு இப்படிச் சட்டம் செய்த அதே ஆட்சி, இங்கே என்ன செய்தது? இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக மருத்துவப் பரிசோதனை நடந்தது 1909இல். நடந்த இடம் வெள்ளையர் நேரே ஆண்ட மாகாணமல்ல, பரோடா. அங்கு ஆண்டவர் சாயாஜிராவ் கெய்க்வாட். 1906இல் தம் நாட்டில் கட்டாயத் தொடக்கக் கல்வியை விரிவாக்கியவர். 1913இல் அம்பேத்கர் என்ற இளைஞருக்கு உதவித்தொகை தந்து கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பியவர். பள்ளியின் கதவைத் திறந்தவர், உள்ளே வந்த பிள்ளையின் நாடியையும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மனத்தின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

நம் நாட்டிலோ நோய்க்கே கோயில் கட்டி வைத்திருந்தோம். அம்மை கண்டால் 'ஆத்தாள் வந்திருக்கிறாள்' என்று வேப்பிலையைக் கட்டி, மஞ்சள் நீர் தெளித்து, மருத்துவனை வாசலிலேயே நிறுத்தினோம். ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802லேயே இந்தியக் கரைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊசி வந்த நாளிலிருந்து அம்மை போன நாள் வரை எண்ணிப் பாருங்கள்: 1975இல்தான் இந்திய மண்ணில் கடைசிப் பெரியம்மை நோயாளி காணப்பட்டார், 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இடையே 173 ஆண்டுகள்! மருந்து கையிலிருக்க, மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சிக் கழித்த காலம் அதில் எவ்வளவு! முழுப் பழியையும் மக்கள் மீது சுமத்துவது முறையன்று. ஊசி போட வந்தவன் அதிகார மிடுக்கோடு வந்தான், எதற்கு என்று சொல்லாமல் கையைப் பிடித்துக் குத்தினான், பிள்ளைகள் பின்கட்டு வழியே ஓடி மறைந்தார்கள். சொல்லிப் புரிய வைக்கும் ரோஜர்ஸ் ஒருத்தி எத்தனை ஊர்களில் இருந்திருப்பாள்?

1920ஆம் ஆண்டை எடுத்துக் கொள்வோம். அந்த ஓர் ஆண்டிலேயே இரண்டு விதமான ஆட்சி முகங்களைக் காணலாம். ஏப்ரல் 3ஆம் நாள், மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிய மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 16 பேர் மாண்டனர், அவருள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அதன் பின்னரே 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் அந்தப் பகுதியில் பள்ளிகள் பெருகின. பள்ளி நல்லதுதான், பல தலைமுறைகள் அதில் படித்தன. ஆனாலும் தகப்பனின் விரல் ரேகைக்குக் காட்டிய அவசரத்தை, பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் அந்த ஆட்சி காட்டியதில்லை.

அதே 1920இல், செப்டம்பர் 16ஆம் நாள், சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. தலைமையில் அமர்ந்திருந்தவர் நீதிக் கட்சியின் பிட்டி. தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு உணவு தர வேண்டும். செலவு பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது. அவ்வளவே தீர்மானம். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைக் கண்டறியப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை; வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் கண் தேவைப்பட்டது. திட்டம் மற்றும் சில பள்ளிகளுக்குப் பரவிய வேளையில், கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று மேலிருந்து தடை வந்து, 1925இல் அது இடறி விழுந்தது; பின்னர்ச் சிறிய அளவில் எழுந்தது. கல்வி நிதி, கல்விக்காம்! சோறு, கல்வியில் சேராதாம்! கணக்குப் பிள்ளை மூளைக்கு இது சரியாகவே படும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய வீராங்கனையாகவே நாம் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் 1926இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்த அந்த மருத்துவர் வற்புறுத்திய மற்றொரு கோரிக்கையை நம் மேடைகள் அதிகம் பேசுவதில்லை. நகராட்சியும் உள்ளாட்சி மன்றங்களும் நடத்தும் பள்ளிகளில், ஆண் பெண் இரு பாலருக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார் அவர். புதுக்கோட்டையில் பிறந்து, பெண்ணென்றும் குலமென்றும் கூறிக் கல்லூரி வாயிலிலேயே மறிக்கப்பட்ட ஒருவர், உள்ளே நுழைந்தபின் பிறர் பிள்ளைகளின் உடல் நலத்தைக் கேட்டார்.

விடுதலைக்குச் சற்று முன்னும் பின்னும் அறிக்கைகளின் அணிவகுப்பு. 1946இல் போர் குழு, பள்ளி மருத்துவப் பணி என்பது இந்நாட்டில் இல்லையென்றே சொல்லத்தக்க நிலையில் இருப்பதாக எழுதிற்று. 1953இல் இடைநிலைக் கல்விக் குழு, மருத்துவப் பரிசோதனையும் பள்ளி உணவும் இன்றியமையாதவை என்றது. அக்குழுவின் தலைவர் நம் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர், மருத்துவ மேதை ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1960இல் ரேணுகா ரே தலைமையில் பள்ளி நலக் குழு ஒன்று அமைந்து, மறு ஆண்டு அறிக்கை தந்தது. மூன்று அறிக்கைகளையும் அடுக்கி வைத்தால் நல்ல உயரம் வரும். ஒரு பிள்ளையின் உயரத்தை அளக்க அவை பயன்பட்டனவா என்பது வேறு கேள்வி.

இந்தக் காலத்திலேயே ஓர் ஊசிப் போர் நடந்தது. இளைய தோழர்கள் அதை அறிந்திருக்க மாட்டார்கள். காச நோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை 1948 முதல் இந்திய அரசு பரப்பத் தொடங்கிற்று. கிண்டியிலே அதற்கென ஆய்வுக்கூடம் எழுந்தது. ஊசிக் குழுக்கள் பிள்ளைகளைத் தேடி வந்தன. 1955இல் அந்த ஊசியை எதிர்த்துக் கிளம்பியவர் ஆச்சாரியார் இராசகோபாலர். பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பயிலச் சொன்ன 1953ஆம் ஆண்டுத் திட்டத்தை எதிர்த்து நாடே திரண்டு, அவர் பதவியை விட்டிறங்கிய பின் தொடுத்த போர் இது. நம்மில் பலருக்கு, எதிர்த்தவர் யார் என்பதே ஊசி நல்லது என்பதற்குப் போதிய சான்றாகத் தோன்றும்! ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கி நடந்த பெரும் ஆய்வு, வளர்ந்தவர்க்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் காட்டிற்று. மூளையைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து சிறு குழந்தைகளை அது காக்கிறது என்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. ஆச்சாரியாரும் முழுதும் வெல்லவில்லை, அரசும் முழுதும் வெல்லவில்லை. வென்றது, பல ஆண்டு பொறுமையாக எண்ணிப் பார்த்த கணக்கு. ஆளைப் பார்த்து முடிவு கட்டுவதைப் பகுத்தறிவு என்று நான் ஒப்புவதில்லை, அந்த ஆள் நமக்குப் பிடிக்காதவராக இருந்தாலும்.

சோற்றின் கதை நன்றாகவே வளர்ந்தது. அதை விரைவாகவே சொல்லிவிடலாம். 1956இல் காமராசர் ஆட்சியில், எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம். பின்புலத்தில் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊரார் கூடி நிலம் தந்தனர், பலகை தந்தனர், தண்ணீர்ப் பானை தந்தனர். 1982 சூலையில் ம.கோ.இராவின் சத்துணவு, 1989இல் கலைஞர் ஆட்சியில் அதனோடு முட்டை. கட்சி வேறு, கொடி வேறு, ஆனால் இந்தத் தட்டை எவரும் பறிக்கத் துணியவில்லை. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றை அதில் வைத்துவிட்டே சென்றனர்.

மதுரைக்குப் புகழ் சேர்க்கும் ஒரு செய்தியும் இங்குண்டு. மாலையானால் கண் தெரியாது தடவி நடக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் மலிந்திருந்த காலம் ஒன்றுண்டு. 'முற்பிறவிப் பாவம்' என்பதே அதற்கு ஊரார் தந்த விளக்கம். அந்தப் பாவம் ஒரு பிடி முருங்கைக் கீரையில், ஒரு துண்டு மஞ்சள் பூசணியில், ஒரு பப்பாளிப் பழத்தில் தீர்ந்து போகும் என்று மருத்துவம் காட்டிற்று! குறை, 'ஏ' உயிர்ச்சத்துக் குறை. வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்தக் குறையால் கண்ணிழக்கும் குழந்தைகளுக்கென 1970களின் தொடக்கத்தில் மதுரையில் சத்துணவு மையம் நடத்தினார். தாயையும் உடன் வைத்து, சமையலையும் கற்பித்து அனுப்பினார். 1976இல், பணி ஓய்வுக்குப் பின், 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. அம்மருத்துவமனையைச் சேர்ந்தோர் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி, 1990இல் முடிவை வெளியிட்டனர். வாரந்தோறும் சிறிதளவு 'ஏ' உயிர்ச்சத்து பெற்ற குழந்தைகளிடையே சாவு, பெறாதவர்களிடையே நேர்ந்ததில் பாதிக்கும் குறைவு! கண்ணைக் காக்கத் தந்தது, உயிரையே காத்தது. பாவக் கணக்கெழுதும் சித்திரகுப்தனின் ஏட்டிலே, இந்த வாரச் சொட்டு மருந்தை எந்தப் பக்கத்தில் எழுதுவாரோ தெரியவில்லை.

இனி, கட்டடத்துக்கு வருவோம். 1964இல் மதுரையில் பிள்ளைகள் மாண்டதற்கு மறு ஆண்டு, 1965இல், பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் வந்தது. பள்ளியோ, விடுதியோ, மருத்துவமனையோ, சத்திரமோ, பலர் கூடும் கட்டடம் எதுவாயினும் அதன் உறுதிக்குப் பொறியாளர் சான்று தர வேண்டும். அதன் மேல் உரிமம் பெற வேண்டும். அந்த உரிமம் குறித்த காலத்துக்கு மட்டுமே செல்லும். காலம் முடிந்தால் கட்டடத்தை மறுபடி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். நல்ல சட்டம். தலைவிதியின் இடத்தில் தாள்விதியை வைத்த சட்டம். அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சட்டத்தின் முகப்பிலே பொறித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உரிமம் தரும் கை ஒரு நொடியேனும் நடுங்கியிருக்கும்.

நடுங்காத கைகள் இருந்தன என்பதை 2004 சூலை 16 காட்டிற்று. கும்பகோணத்தில் ஸ்ரீகிருஷ்ணா உதவிபெறும் பள்ளி. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். அவற்றுள் ஒன்றின் பெயர், அங்கும், சரஸ்வதி! கீழே ஓலைக் கூரையின் கீழ்ச் சத்துணவு அடுப்பு. மாடியில் ஓலைக் கூரையின் கீழ் வகுப்பறை. இறங்குவதற்குக் குறுகிய படி. அடுப்பிலிருந்து எழுந்த தீ ஓலையைப் பற்றிற்று, ஓலையிலிருந்து மாடிக்குத் தாவிற்று. 94 குழந்தைகள்!

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 1920இல் ஓர் அணாவில் தொடங்கி, எத்தனையோ தடைகளைத் தாண்டி, எண்பதாண்டுக்கு மேல் வளர்த்தெடுத்த சோற்றுத் திட்டம் அது. அந்தச் சோறு வெந்த அடுப்பே கொள்ளிக்கட்டை ஆயிற்று! சோறு போட நினைத்தோம். அடுப்புக்கு மேல் கூரை போட நினைக்கவில்லை. உடல்நலம் ஒரு துறை, கட்டடம் ஒரு துறை, உணவு ஒரு துறை என்று கோப்புகள் தனித்தனியே கட்டி வைக்கப்பட்டிருந்தன. குழந்தையின் உடல் மட்டும் அப்படிப் பிரிந்திருக்கவில்லை.

சட்டம் இல்லாததால் நேர்ந்த சாவு 1964; சட்டம் இருந்தும் நேர்ந்த சாவு 2004. இரண்டாவதை மன்னிப்பது முதலாவதை மன்னிப்பதினும் கடினம். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை நடந்தது. ஓலைக் கூரைகளைப் பள்ளிகளிலிருந்து அகற்ற ஆணை பிறந்தது. வழக்கோ 2014 சூலை வரை நடந்தது. தஞ்சை நீதிமன்றம் பள்ளி நிறுவனரும் அலுவலர் சிலரும் உட்பட 10 பேர் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தண்டனைகளைக் குறைத்தது. ஒற்றைச் சிலம்போடு வந்து நின்றவள் கேட்ட கேள்விக்கு, அரியணையிலிருந்தே விழுந்து உயிர்விட்ட பாண்டியனின் கதையைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நகரம் மதுரை. கும்பகோணத்துத் தாய்மார்கள் பத்தாண்டு நீதிமன்றப் படியேறினர்.

2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், கும்பகோணத் தீயை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கொன்றில், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையே என்று தீர்ப்பளித்தது. பெரிய சொல். ஆயினும் 2012 சூலையில் சென்னைக்கருகே சேலையூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி மாண்ட பிறகே, பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2021 திசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் சாய்ந்து மூன்று மாணவர்கள் மாண்ட பிறகே, பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடி இடிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. நம் விதிமுறைகளின் பிறந்த தேதியைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சற்று முன்னே யாரோ ஒரு பிள்ளையின் இறந்த தேதி இருக்கும்.

செவிலிக்கு வருகிறேன். வைகைப் பாசனத்து ஊர் ஒன்றில் நான் படித்த காலத்தில், பள்ளியின் மருத்துவமனை என்பது ஓர் ஆசிரியரின் மேசை இழுப்பறை. அதிலே டிஞ்சர் புட்டி ஒன்று, பஞ்சு கொஞ்சம், தலைவலி மாத்திரை சில. விழுந்தவனுக்கு டிஞ்சர், மயங்கியவனுக்குத் தண்ணீர், மற்றெல்லாவற்றுக்கும் "வீட்டுக்குப் போ" என்ற சீட்டு. நியூயார்க்கில் 1902க்கு முன்பிருந்த அதே முறை! கரும்பலகை தெரியாமல் முதல் வரிசையில் அமர்ந்தும் எழுத்தைத் தப்பும் தவறுமாக எழுதியவன் ஒருவன் எங்கள் வகுப்பிலே இருந்தான். 'மக்கு' என்ற பட்டத்தோடு ஐந்தாம் வகுப்பில் நின்றுவிட்டான். கண்ணாடி போட்டிருந்தால் படித்திருப்பான் என்று தெரிய, எனக்கே இருபது ஆண்டு பிடித்தது.

இன்று நிலை அவ்வளவு மோசமில்லை. அதை மறைப்பது அறமாகாது. பள்ளிச் சிறார்க்கு இலவச இருதய அறுவைக்கு 2008இல் திட்டம் வந்தது. கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டமும் வந்தது. 2013 முதல் நாடு தழுவிய சிறார் நலத் திட்டத்தின்படி, ஒன்றியந்தோறும் ஊர்தியில் செல்லும் மருத்துவக் குழுக்கள், பிறவிக் குறை, நோய், சத்துக் குறை, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடிப் பள்ளி பள்ளியாக வருகின்றன. குடற்புழு மாத்திரை உண்டு, இரும்புச்சத்து மாத்திரை உண்டு, வளரிளம் பெண்களுக்கு விலையில்லா அணையாடை உண்டு. பள்ளிக்கு ஆண்டில் ஒரு முறை அந்த ஊர்தி வரும். மற்ற நாட்களில்? ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் அமர்த்தப்பட்ட கிராமச் செவிலி இருக்கிறார். பேறுகாலப் பெண்கள், கைக்குழந்தைகள், தடுப்பூசி, பதிவேடுகள், இத்தனைக்கும் நடுவே பள்ளிக்கும் அவரே! பள்ளிக்கென்று தனியே ஒரு செவிலி, வருகைப் பதிவேட்டை எடுத்து, "இவள் ஏன் மூன்று நாளாய் வரவில்லை?" என்று கேட்டு, மாலையில் வீட்டுக்கே நடந்து செல்லும் ஒருத்தி, உசிலம்பட்டிப் பக்கத்திலும் மேலூர்ப் பக்கத்திலும் இன்னும் வரவில்லை. சீட்டு நம்மிடம் இருக்கிறது, கைதான் இல்லை.

2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்ட இடம் மதுரை. நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளி. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். தியாகராயரின் ஓர் அணாத் தீர்மானம் நூற்றிரண்டு ஆண்டு நடந்து, உப்புமாவாகவும் கிச்சடியாகவும் பொங்கலாகவும் அந்தத் தட்டுக்கு வந்து சேர்ந்தது. 2023இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. 2024இல் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் சென்றது. கட்டடம் விழுந்து பிள்ளைகள் மாண்ட அதே நகரில், அரசே காலையில் சோற்றோடு வந்து நிற்கிறது. மகிழ்ச்சிதான்.

ஆனாலும் பழக்க தோசம் என்னை விடுவதில்லை. ஊர்ப்பள்ளி எதற்குச் சென்றாலும் முதலில் தலைமையாசிரியர் அறைச் சுவரைப் பார்ப்பேன். திருவள்ளுவர் படம் இருக்கும், தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியல் இருக்கும். கட்டட உரிமத்தைக் கேட்டால், பீரோவைத் திறந்து, தூசி தட்டி எடுத்துத் தருவார்கள். கோபித்துக் கொண்டவரும் உண்டு. "நல்ல வேளை கேட்டீர்கள்" என்றவரும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும். அந்தக் குழுவில் அமர்ந்திருப்போர் நம் அண்ணன்மார், அக்காமார். அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்கத் தக்கவை மூன்று: உரிமத்தின் கடைசித் தேதி எது, சமையற்கூடத்துக்கும் வகுப்பறைக்கும் இடைவெளி எத்தனை அடி, செவிலி கடைசியாக வந்த நாள் எது.